காலி என்று நான் சொன்ன இரண்டு ஷெட்டுகள்

சாமி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதற்குப் பிறகு இந்தக் கடிதத்தை எழுத எனக்கு ஐந்து நாள் ஆகியிருக்கிறது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நீ "பரவால்ல விடும்மா" என்பாய், நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிடுவேன். நம் இரண்டு பேருக்குமே அந்தப் பழக்கம் உண்டு. எழுத்தில் குறுக்கே பேச ஆள் இல்லை. இதை நீ உன் பேராசிரியரிடம் காட்டலாம், கூட வேலை செய்பவர்களிடம் காட்டலாம், அச்சில் போட வேண்டுமென்றாலும் போடலாம். ஒளித்து வைப்பதற்காக எழுதுகிற கடிதம் இல்லை இது.

நீ அன்றைக்குச் சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வானத்தில் இருக்கிற செயற்கைக்கோளின் அளவுகளை வைத்து நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணைகளிலிருந்து எவ்வளவு அம்மோனியா காற்றில் கலக்கிறது என்று நீ கணக்குப் போட்டிருக்கிறாய். அந்தக் கணக்கு, பண்ணை பண்ணையாகப் போய்க் கேட்டு எழுதிய கோழி எண்ணிக்கையிலிருந்து வருகிற கணக்கைவிட இரண்டு மடங்குக்கும் மேலே நிற்கிறது. எது தப்பு என்று ஒன்றரை வருடமாகத் தேடியும் உனக்குக் கிடைக்கவில்லை. தரையில் நேரில் கேட்டு எழுதியது தப்பாக இருக்க வாய்ப்பில்லை, அதனால் உன் முறையில்தான் கோளாறு என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். நீயும் அதை ஒப்புக்கொண்டு, உன் விடையை ஒரு எண்ணால் வகுத்துத் தரைக் கணக்கோடு பொருந்தும்படி இறக்கி, அடுத்த மாதம் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு, பெங்களூரில் கம்பெனி வேலைக்குப் போகப்போகிறாய். "எனக்கு இது வராதும்மா, இத்தன வருசம் கழிச்சுத்தான் தெரியுது" என்றாய். நான் சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

உன் முறையில் கோளாறு இல்லை, கண்ணு. கோளாறு, நான் உனக்குக் கொடுத்த எண்ணில் இருக்கிறது. மற்ற பண்ணைகளில் என் கண்ணெதிரே உனக்குக் கொடுக்கப்பட்ட எண்களிலும் இருக்கிறது. எனக்கு அது அன்றைக்கே தெரியும். இதுதான் நான் சொல்ல வேண்டியது. மிச்சமெல்லாம் இது எப்படி நடந்தது என்பதுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தை மாதத்தில் நீ மூன்று வாரம் லீவு போட்டு வந்தாயே, வந்த அன்று மத்தியானம் நான் உடைசல் முட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். நிறமே இல்லாத வாயுவை அவ்வளவு உயரத்திலிருந்து எப்படிப் பார்க்க முடியும் என்று கேட்டேன். நிலம் எந்நேரமும் சூட்டை மேலே விட்டுக்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு வாயுவும் அந்தச் சூட்டில் தனக்கென்று ஒரு பங்கை மட்டும் விழுங்கும், மேலே போய்ச் சேர்கிற சூட்டில் எந்தப் பங்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் நடுவில் எந்த வாயு எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும் என்றாய். காலை ஒன்பதரை வாக்கில் ஒரு தடவை நம் தலைக்கு மேலே போகும், ராத்திரி ஒரு தடவை போகும், மேகம் இருந்தால் ஒன்றும் தெரியாது என்றாய். ஒரு நாள் படத்தை நம்பக் கூடாது, பல வருடத்துப் படங்களைக் காற்று வீசுகிற திசைப்படி அடுக்கி, எல்லாக் காற்றும் ஒரே பக்கம் வீசுவதுபோலத் திருப்பிவைத்துச் சராசரி எடுத்தால், பண்ணைகளிலிருந்து கிளம்பிய அம்மோனியா எவ்வளவு தூரத்தில் கரைந்து போகிறது என்பது தெரியும் என்றாய். அது தெரிந்தால் போதுமா என்றதற்கு நீ சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மாடித் தொட்டியில் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கிறது, குழாயில் எவ்வளவு வெளியே போகிறது என்றும் தெரியும் என்றால், மோட்டார் எவ்வளவு ஏற்றுகிறது என்று போய்ப் பார்க்காமலே சொல்லிவிடலாம் இல்லையா, அதேதான் என்றாய். பன்னிரண்டாவதோடு நிறுத்தியவளுக்குக்கூட விளங்கியது. எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. உன்னிடம் அதைச் சொல்லவில்லை, உடைசல் முட்டை வாங்க வந்த பேக்கரிக்காரரிடம் சொன்னேன்.

அடுத்த நாளிலிருந்து என் ஸ்கூட்டரில் இரண்டு பேரும் கிளம்பினோம். நான் ஓட்ட, நீ பின்னால் கேள்விகள் அச்சடித்த ஃபாரங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தாய். தெரிந்த முகம் ஒன்று கூட வந்தால் பண்ணைக்காரர்கள் மனம் விட்டுப் பேசுவார்கள் என்று நீதான் என்னைக் கூப்பிட்டாய். பெரியசாமி அண்ணன் பண்ணைக்குப் போனது நினைவிருக்கும். நாற்காலி போட்டு மோர் கொடுத்தார். நீ எண்ணிக்கை கேட்டாய். அவர் என்னைப் பார்த்தார். நான் ஸ்கூட்டர் சாவியைப் பார்த்தேன். "ஒரு இருவத்தஞ்சாயரம் போடுங்க தம்பி" என்றார். நீ போட்டாய். இருக்கிறது என்று சொல்லாமல் போடுங்க என்று சொல்கிறவர் உனக்கு எதைச் சொல்கிறார் என்று நீ யோசித்திருக்க வேண்டும். ஆனால் மோர் கொடுத்தவரைச் சந்தேகப்படுகிற மாதிரி உன்னை நான் வளர்க்கவில்லை. இருபத்தைந்தாயிரம் கோழிக்கு அவர் பண்ணையில் அத்தனை ஆள் வேலை செய்ய மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். வண்டியில் திரும்பி வரும்போது சொல்லியிருக்கலாம். நீ பின்னால் உட்கார்ந்து, எல்லாரும் எவ்வளவு நல்லாப் பேசறாங்கம்மா என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தாய். நான் லாரிக்கு ஒதுங்குவதில் கவனமாக இருப்பதுபோல் இருந்துவிட்டேன்.

ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் எங்கள் எல்லாரையும் திருடர்கள் என்று நினைத்துக்கொள்வாய். ஷெட் போடும்போது இத்தனை கோழிக்கு என்று அனுமதி வாங்குகிறோம். முட்டை விலை நன்றாக இருக்கிற ஒரு வருடத்தில் இன்னொரு ஷெட் போடுகிறோம். அதற்கும் சேர்த்து அனுமதியை மாற்ற வேண்டும், அதற்கு வரைபடம், தண்ணீர்ப் பரிசோதனை, எருவை எங்கே கொட்டுகிறோம் என்ற விவரம் எல்லாம் வேண்டும். அடுத்த வருசம் பார்த்துக்கலாம் என்று உன் அப்பா சொன்னார். அடுத்த வருசம் என்பது வந்துகொண்டேதான் இருக்கிறது. அதற்குள் காகிதத்தில் இருக்கிற எண் வாயில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. இன்ஷூரன்ஸ்காரர் கேட்டாலும் அதே எண், கோழி டாக்டர் கேட்டாலும் அதே எண், பெண் பார்க்க வந்தவர்கள் பேச்சுவாக்கில் கேட்டாலும் அதே எண். எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னால் கண்ணு பட்டுவிடும் என்று வேறு ஒரு பயம். கேட்பது யார் என்று நாங்கள் பார்ப்பதே இல்லை.

அப்படித்தான் நான் உனக்கும் சொன்னேன். கடைசி நாள், நம் பண்ணை ஃபாரம் மட்டும் பாக்கி இருந்தது. சமையல்கட்டு மேடையில் அதை வைத்து, விளையாட்டாக, "ஓனரம்மா, உங்க பண்ணைல எத்தன கோழிங்க?" என்று கேட்டாய். நான் முப்பதாயிரம் என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை, சாமி. நீ கையில் ஃபாரம் வைத்திருந்தாய். ஃபாரத்தோடு வருகிறவன் மகனாக இருந்தாலும் ஆபீஸ்காரன்தான் என்று என் வாய் தானாக முடிவு செய்துவிட்டது. அத்தோடு போயிருந்தால் மறுநாள் சிரித்துக்கொண்டே திருத்தியிருப்பேன். ஆனால் நீ லேப்டாப்பைத் திறந்து, மேலிருந்து எடுத்த நம் பண்ணைப் படத்தைக் காட்டினாய். நான்கு கூரைகள் தெரிந்தன. "ஏம்மா, கெணத்துக்கு அந்தப் பக்கம் ரெண்டு நீள ஷெட் இருக்குதே, அதுல எத்தன?" என்றாய்.

"அது காலி, கண்ணு. இன்னும் கோழி எறக்கல."

இது யோசித்துச் சொன்னது. நீ அந்த ஷெட்டுகள் எழும்பியதைப் பார்த்ததில்லை, அப்போது கல்லூரியில் இருந்தாய். கிணற்றுக்கு அப்பால் மரவள்ளிக் காட்டைத் தாண்டி இருப்பதால் வீட்டிலிருந்து சத்தமும் கேட்காது. நீ படத்தையும் என்னையும் பார்த்தாய். அந்தப் பக்கத்துக் காற்றில் வாசம் வருகிறதே என்றாய். பழைய எரு கிடக்கிறது, வாழப்பாடிப் பக்கம் பாக்குத் தோட்டத்துக்கு லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும் என்றேன். ஒரு எட்டு பார்த்துட்டு வாரேன் என்று எழுந்தாய்.

"பத்துப் பண்ணை சுத்திட்டு வந்த காலு. ஷெட்டுப் பக்கம் போகாத."

நீ உட்கார்ந்துவிட்டாய். ஐந்து வயதில் உனக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்தது அது. வேறு பண்ணைக்குப் போய் வந்த காலோடு நம் ஷெட்டுக்குள் போனால் நோய் ஏறிவிடும், ஷெட் வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் கால் நனைக்காமல் யாரும் உள்ளே போகக் கூடாது. அது நல்ல சட்டம். எத்தனையோ பண்ணைகள் அதை மறந்து கெட்டுப்போயிருக்கின்றன. காலியான ஷெட்டில் நோய் ஏற எந்தக் கோழி இருக்கிறது என்று உனக்குத் தோன்றவில்லை பார், அதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. அம்மா சொன்னாள் என்றால் நீ மேலே யோசிப்பதில்லை. நீ பேனாவை எடுத்து 'இரண்டு ஷெட் காலி' என்று எழுதினாய். நான் உனக்குத் தோசை ஊற்றப் போனேன்.

உன்னிடம் நான் காற்றைப் பற்றிச் சொன்ன பொய் அது ஒன்றுதான் என்றும் சொல்ல முடியவில்லை. ஆறாவது படிக்கும்போது ஒரு நாள் பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்து, "நம்ம மேல நாத்தம் அடிக்குதாம்மா?" என்று கேட்டாய். உன் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று ஒரு பெண் சொல்லிவிட்டது. இல்லவே இல்லை, அவங்க ஊட்டுல குளிக்கறதில்ல, அதான் என்று உன்னைச் சிரிக்க வைத்தேன். உண்மையில் எனக்கு நாறவில்லை. ஷெட்டிலேயே கிடக்கிறவர்களுக்கு மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும். ஆனால் உன் சட்டையில் அடிக்கும் என்று எனக்குத் தெரியும், கல்யாணங்களில் நம் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நகர்ந்து போவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த வருடமே உன்னை ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். நல்ல மார்க் வாங்குவான் என்று ஊருக்குச் சொன்னோம். இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மகனை மாதத்துக்கு ஒரு ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். மார்க் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு இரண்டாவது தடவை பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை என்பதும் ஒரு காரணம். அதனால்தான் நீ உன் சொந்தப் பண்ணையையே நாங்கள் சொல்லித் தெரிந்துகொள்கிறவனாக ஆகிப்போனாய்.

அந்த அம்மோனியா லாரிப் புகையோடும் ஆலைப் புகையோடும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத தூசியாகி, நம் பண்ணையிலிருந்து எவ்வளவோ தள்ளி சேலத்தில் இருப்பவர்களின் மூச்சுக்குள்ளும் போகும் என்று நீ ஒரு தடவை சொன்னாய். சேலம் வரைக்கும் நான் யோசித்ததில்லை. நம் ஷெட்டில் முட்டை எடுக்கிற சரசு மழைக்காலத்தில் கண் சிவந்து நீர் வழிய நிற்பாள். நான் சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு, நல்ல முதலாளி என்று என்னை நானே நினைத்துக்கொள்வேன். எருவைச் சீக்கிரம் சீக்கிரம் அள்ளியிருந்தால் அவளுக்குச் சொட்டு மருந்தே தேவைப்பட்டிருக்காது.

நீ திரும்பிப் போன பிறகு நடந்ததுதான் மோசம். கணக்கு ஒத்துவரவில்லை என்று நீ முதன்முதலில் சொன்னபோது, எனக்கு எதுவும் புரியாத மாதிரி கேட்டுக்கொண்டேன். காற்று வேகத்தைத் தப்பாக எடுத்துவிட்டேனோ என்றாய். அடுத்த தடவை, அம்மோனியா கரைகிற நேரத்தைக் குறைத்துப் போட்டுவிட்டேனோ என்றாய். தீபாவளிக்குக்கூட வராமல் மறுபடி முதலிலிருந்து போடுகிறேன் என்றாய். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்றுதான் போனை எடுப்பேன். இத்தனை நாள் கழித்துச் சொன்னால் இவன் என்ன நினைப்பான் என்று வைத்துவிடுவேன். எப்படியும் படித்தவன், கண்டுபிடித்துவிடுவான் என்றும் நினைத்தேன். நீ அம்மாவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாய். கடைசியில் உன்னையே சந்தேகப்பட்டாய். ஞாயிற்றுக்கிழமை உன் குரலைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மாதிரி வெட்கம் எனக்கு இதற்கு முன்னால் வந்ததில்லை.

புத்தி சொல்லுகிற யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் தொழிலில் இருப்பவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். இனி எந்தப் பண்ணைக்குப் போனாலும் எத்தனை கோழி என்று கேட்காதே. ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை தீவனம் ஆகிறது என்று கேள். கோழி எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்கிறவர்கள் தீவனத்தைக் குறைத்துச் சொல்லவே மாட்டார்கள். மக்காச்சோளம் விற்கிற விலையில் எங்களுக்குப் பேச்செல்லாம் அதுதான், புலம்புவதற்கு ஆள் கிடைத்தால் மூட்டைக் கணக்கைக் கொஞ்சம் கூட்டியே சொல்வோம். முட்டையிடுகிற கோழி ஒரு நாளைக்கு நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே தின்னும். வகுத்துக்கொள்ள உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதோடு, உனக்கு ஒரு எண் கொடுக்கிறவர் யாராக இருந்தாலும், இதைச் சொல்வதில் இவருக்கு என்ன பயம் என்று ஒரு நிமிடம் யோசி. நான் உள்பட.

திங்கட்கிழமை உன் அப்பாவிடம் சொன்னேன், பையனுக்கு உண்மையை எழுதப்போகிறேன் என்று. அவர் லாரியில் ஏற்ற முட்டை அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்துவிட்டு, "நம்மளத மட்டும் எழுது. அடுத்தவங்களத எழுதறதுக்கு நாம ஆரு?" என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. அதனால் பெரியசாமி அண்ணனிடம் நேரில் போய், நீங்கள் சொன்ன எண் உண்மை இல்லை என்பதை மட்டும் மகனுக்குச் சொல்லப்போகிறேன், எவ்வளவு என்று சொல்ல மாட்டேன் என்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. நேற்றுத் தீவனக் கடையில் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னும் நாலு பேர் திருப்புவார்கள். அது எனக்கு வர வேண்டியதுதான்.

கடிதம் எழுத உட்கார்ந்த பிறகு எனக்கு இன்னொன்று புரிந்தது. உண்மையான எண்ணை உனக்கு மட்டும் ரகசியமாகச் சொன்னால், அதை நீ என்ன செய்வாய்? அச்சில் போட்டால் அம்மாவின் பண்ணைக்கு ஆபீஸிலிருந்து ஆள் வரும் என்று தயங்குவாய். போடாவிட்டால் உன் வேலை பொய்யாகும். என்னைக் காப்பாற்றுவதற்காக நீ இரண்டாவதைத்தான் செய்வாய். ஒரு பொய்யைத் திருத்துகிறேன் என்று அதைத் தூக்கி உன் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அதனால் இன்று காலையில் பஸ் ஏறி நாமக்கல் போய், அனுமதி ஆபீஸில் நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். நான்கு ஷெட், நான்கிலும் கோழி இருக்கிறது, எத்தனை என்று. அந்த நீள ஷெட் இரண்டையும் அனுமதி வரும்வரை காலி செய்யச் சொல்லலாம், எருவைப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அள்ளச் சொல்லலாம், அபராதம் போடலாம். என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை. அப்பா கூட வரவில்லை, ஆனால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கவுன்டரில் இருந்தவர் சின்ன வயசுக்காரர், மனுவை இரண்டு தடவை படித்துவிட்டு, யாராவது புகார் கொடுத்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு ஏன் நீங்களாக வந்து எழுதிக் கொடுக்கிறீர்கள் என்றார்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி எம் பையன் எத்தன கோழின்னு கேட்டானுங்க. இப்பத்தான் பதில் சொல்றேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. முத்திரை குத்தி நகலைக் கொடுத்தார். அதை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். எண் அதில் இருக்கிறது, இனி அது ஊருக்கே தெரிந்த எண், அதனால் நீ என்னை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. உன் விடையை எதனாலும் வகுக்காதே, சாமி. நீ போட்டது சரி.

உன் அம்மா